சாப்பாட்டு மேஜையில் ஒரு பூதப் போர்: படையும் நம் கையால், விதியும் நம் கையால்

ஒரு சாப்பாட்டு மேஜை, பச்சைப் போர்வை, பத்துப் பகடை, தையல்காரர் கழுத்தில் போட்டிருக்கும் இஞ்ச் டேப், ஒரு கைப்பிடி புளியங்கொட்டை. பொம்மைப் படைகளை வைத்துப் போர் ஆட இவ்வளவு இருந்தால் போதும். வீரர்களை நாமே செய்துகொள்ளலாம். விதிகளையும் நாமே எழுதிக்கொள்ளலாம். கடையில் விற்கும் படைகள் அழகானவைதான், ஆனால் விலையைப் பார்த்ததும் பலர் ஆசையை மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். படிக்கத் தொடங்கும் வாரத்திலேயே முதல் போர் நடந்துவிட வேண்டும் என்பது என் விருப்பம்.

சதுரங்கத்தில் காய் கட்டத்துக்குக் கட்டம் போகும். இங்கே கட்டம் கிடையாது. படை எத்தனை அங்குலம் நகரலாம் என்று டேப்பால் அளந்து நகர்த்துகிறோம். வெட்டினானா, தப்பினானா என்பதைப் பகடை சொல்லும். குன்று, காடு, ஓடை எல்லாம் மேஜை மேலேயே இருக்கும். எதிரே ஒருவர் உட்கார்ந்திருப்பார். இரண்டு மணி நேரத்தில் யாராவது ஒருவர் படை உடையும். அவ்வளவுதான் ஆட்டம்.

முதல் படை காகிதத்தில்

எடுத்த எடுப்பில் பொம்மை செய்ய உட்காராதீர்கள். நாற்பது வீரர்களைச் செய்து, வண்ணம் பூசி, அப்புறம் ஆடலாம் என்று நினைத்தால் ஆறு மாதம் ஓடிவிடும். பாதியில் சலிப்பும் தட்டும். முதல் இரண்டு ஆட்டத்துக்குக் காகிதப் படை போதும்.

சார்ட் அட்டையில் 4 அங்குல அகலம், 2 அங்குல ஆழத்தில் செவ்வகங்கள் வெட்டுங்கள். ஒரு செவ்வகம் ஒரு அணி. அதன் மேல் நிற்க வீரர்களை இன்னொரு தாளில் வரைந்து, காலடியில் சிறிது தாள் விட்டு வெட்டி, மடித்து, ஃபெவிகாலால் ஒட்டிவிடலாம். ஓர் அணிக்கு மூன்று ஆள் நின்றால் கண்ணுக்குக் கூட்டமாகத் தெரியும். வரைய வராதவர்கள் "வேல்", "வில்", "குதிரை" என்று எழுதி ஒட்டினாலும் ஆட்டம் நடக்கும். ஒரு பக்கத்துக்கு ஆறு அணி, ஒரு தலைவன். தலைவனை மட்டும் தனி அட்டையில், ஐந்து ரூபாய் நாணயத்தைச் சுற்றி வரைந்து வெட்டிய வட்டத்தில் நிறுத்துங்கள்.

வீரர்களை அணி அட்டையில் நிரந்தரமாக ஒட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு வீரனையும் தனித்தனியாக நகர்த்தினால், பதினெட்டு பேரை நகர்த்துவதற்குள் எதிரே இருப்பவர் காபி குடித்துவிட்டு வந்துவிடுவார். அணியாக நகர்த்தினால் ஆறே நகர்வு. அடிபட்டால் வீரனைப் பிடுங்க வேண்டியதில்லை, அணியின் பின்னால் ஒரு புளியங்கொட்டை வைத்தால் போதும்.

விதி: இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம்

நான் முதன்முதலில் எழுதிய விதிகள் பதினான்கு பக்கம். வாளுக்கு ஒரு அட்டவணை, ஈட்டிக்கு ஒன்று, மழை பெய்தால் வில்லின் நாண் நனைவதற்கு ஒன்று. அக்கா மகனை உட்கார வைத்து ஆடினேன். மூன்று மணி நேரத்தில் நான்கு சுற்றுதான் முடிந்தது. அவன் நாற்காலியிலேயே தூங்கிவிட்டான். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. மறுநாள் உட்கார்ந்து, எந்த விதியை எடுத்தாலும் ஆட்டம் உயிரோடு இருக்குமோ அதையெல்லாம் அடித்தேன். மிஞ்சியது ஒன்றரைப் பக்கம். இன்றுவரை அதில்தான் ஆடுகிறோம். அதை அப்படியே தருகிறேன். பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள், பிடிக்காததை மாற்றுங்கள்.

ஒவ்வொரு அணிக்கும் நான்கு எண்கள். நடை என்பது ஒரு முறையில் எத்தனை அங்குலம் போகலாம் என்பது. மோதல் என்பது கைகலப்பில் எத்தனை பகடை உருட்டலாம் என்பது. காப்பு என்பது அந்த அணியை அடிக்க எதிரியின் பகடையில் விழ வேண்டிய குறைந்தபட்ச எண். தாங்கு என்பது எத்தனை புளியங்கொட்டை சேர்ந்தால் அணி அழியும் என்பது.

என் கோட்டைப் படையில் மூன்று வேல் அணி, இரண்டு வில் அணி, ஒரு குதிரை அணி. வேலுக்கு நடை 6, மோதல் 4, காப்பு 5, தாங்கு 4. வில்லுக்கு நடை 6, மோதல் 2, காப்பு 4, தாங்கு 3. அது 12 அங்குலம் வரை 3 பகடையால் அம்பு எய்யும். குதிரைக்கு நடை 12, மோதல் 4, காப்பு 5, தாங்கு 3. பாய்ந்து மோதும் முதல் தடவை மட்டும் மோதல் 6.

எதிரே பூதப் படை. நான்கு பேய்க்கூட்டம், ஒரு பூதம், ஒரு யாளி. பேய்க்கு நடை 8, மோதல் 3, காப்பு 4, தாங்கு 4. பேய் முதலில் வந்து தொடும்போது எதிரணி பயத்தில் ஒரு பகடை குறைத்து உருட்ட வேண்டும். பூதத்துக்கு நடை 8, மோதல் 6, காப்பு 5, தாங்கு 6. யாளிக்கு நடை 10, மோதல் 5, காப்பு 5, தாங்கு 4.

எண்களைப் போடும்போது ஒரு சின்னக் கணக்கைப் பழகிக்கொள்ளுங்கள். காப்பு 5 என்றால் 5 அல்லது 6 விழ வேண்டும், அதாவது ஆறில் இரண்டு வாய்ப்பு. பூதம் 6 பகடை உருட்டினால் சராசரியாக 2 அடி விழும். தாங்கு 4 உள்ள வேல் அணி அதன் முன்னால் ஏறக்குறைய இரண்டு மோதல்தான் நிற்கும். வேல் அணி திருப்பி 4 பகடை உருட்டினால் சராசரி ஒன்றரைக்கும் குறைவு. பூதத்தைத் தனியாகச் சாய்க்க அதற்கு நான்கைந்து மோதல் வேண்டும். ஆகவே பூதத்தை ஒரே அணியால் நிறுத்த முடியாது, இரண்டு சேர்ந்தால் முடியும். எனக்கு வேண்டியதும் அதுதான். புதிதாக எந்த அணியைச் சேர்த்தாலும் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

ஆணைதான் ஆட்டத்தின் உயிர்

உங்கள் முறை வந்ததும் முதலில் தலைவனை 12 அங்குலத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் நகர்த்தலாம். அப்புறம் ஒவ்வொரு அணியாகத் தேர்ந்தெடுத்து ஆணை கொடுக்க வேண்டும். ஆணை கேட்குமா என்று பார்க்க இரண்டு பகடை உருட்டுங்கள். தலைவன் 12 அங்குலத்துக்குள் இருந்தால் கூட்டுத்தொகை 6 அல்லது மேலே வர வேண்டும். அதற்கு அப்பால் இருந்தால் 8 அல்லது மேலே. வந்தால் அணி நகரும். வராவிட்டால் அந்த அணி மட்டுமல்ல, அந்த முறையில் உங்கள் ஆணைகள் அனைத்தும் அத்தோடு முடிந்தன. மீதி அணிகள் நின்ற இடத்திலேயே நிற்கும்.

இந்த உத்தி நான் கண்டுபிடித்ததில்லை. அச்சான பல விதிநூல்களில் ஏதாவது ஒரு வடிவில் இருப்பதுதான். ஆனால் புதியவர்கள் எதை விட்டாலும் இதை விடக் கூடாது என்பேன். இரண்டு பகடையில் மொத்தம் 36 விதம் விழும். அதில் 26 விதம் ஆறும் அதற்கு மேலும். எட்டும் அதற்கு மேலும் விழுவது 15 விதம்தான். ஆறு அணியும் தலைவனுக்கு அருகிலேயே இருந்தாலும், ஆறுக்கும் ஆணை கேட்பது ஏழு முறைக்கு ஒரு முறைதான் நடக்கும். அதனால் "எந்த அணியை முதலில் நகர்த்துவது?" என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் நெஞ்சை அழுத்தும். விதி சிறியது, முடிவு பெரியது. நிஜப் போரில் தூது போனவன் வழி தவறிப்போவதும், கொம்பு ஊதியது காதில் விழாமல் போவதும் இந்த ஒரே உருட்டலுக்குள் வந்துவிடுகின்றன.

நகர்ந்து முடிந்ததும் வில் அணிகள் எய்யும். அதன் பிறகு தொட்டுக்கொண்டு நிற்கும் அணிகள் மோதும். மோதலுக்கு ஆணை தேவையில்லை. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் உருட்ட வேண்டும். பக்கவாட்டிலோ பின்னாலோ வந்து மோதிய அணியை அந்த முதல் மோதலில் திருப்பி அடிக்க முடியாது.

மோதலில் எந்த அணி அதிகம் அடி வாங்கியதோ அது துணிவுப் பகடை ஒன்று உருட்டும். 1, 2 விழுந்தால் 6 அங்குலம் பின்வாங்கும். தாங்கில் பாதியோ அதற்கு மேலோ ஏற்கனவே போயிருந்தால் 3 விழுந்தாலும் பின்வாங்கும். தலைவன் அந்த அணியைத் தொட்டுக்கொண்டு நின்றால் பகடைக்கு ஒன்று கூட்டிக்கொள்ளலாம்.

ஆறில் மூன்று அணி அழிந்ததும் அந்தப் படை உடைந்தது. கடைசி ஆள் வரை அடித்துக்கொள்ள வேண்டாம். அப்படி ஆடினால் கடைசி ஒரு மணி நேரம் தோற்கப்போகிறவருக்குத் தண்டனைதான். எட்டுச் சுற்றாகியும் யாரும் உடையவில்லை என்றால், புளியங்கொட்டைகளை எண்ணிக் குறைவாக வாங்கியவர் வென்றதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மோதல், அருகில் இருந்து

விதியைப் படிப்பதைவிட ஒரு மோதலைப் பார்த்தால் சட்டென்று புரியும். போன மாதம் நடந்தது இது. அக்கா மகன் கோட்டைப் படை, நான் பூதப் படை. அவனுடைய குதிரை அணி குன்றுக்குப் பின்னால், தலைவனிடமிருந்து 14 அங்குலத்தில் மறைந்து நின்றது. தலைவன் நடுவில், வேல் அணியோடு ஒட்டி நின்றான்.

பையனுக்குக் குதிரை மேல் உயிர். தலைவனை நகர்த்தாமலேயே முதல் ஆணையைக் குதிரைக்குக் கொடுத்தான். 8 வேண்டும், 7 விழுந்தது. அவன் முறை அத்தோடு முடிந்தது. மற்ற ஐந்து அணியும் சிலை மாதிரி நின்றன.

என் முறையில் பூதம் நேராக வேல் அணி மேல் பாய்ந்தது. ஆறு பகடை உருட்டினேன்: 6, 5, 5, 3, 2, 1. மூன்று அடி. அவன் நான்கு பகடை: 5, 4, 2, 1. ஓர் அடி. வேல் அணியின் பின்னால் மூன்று புளியங்கொட்டை. இன்னும் ஒன்று வந்தால் முடிந்தது. துணிவுப் பகடையில் 3 விழுந்தது. பாதிக்கு மேல் போயிருந்ததால் பின்வாங்க வேண்டியதுதான். ஆனால் தலைவன் தொட்டுக்கொண்டு நின்றான், ஒன்று கூட்டினால் 4. நின்றுவிட்டார்கள்.

அடுத்து அவன் முறை. இப்போது அவன் அவசரப்படவில்லை. டேப்பை எடுத்து இரண்டு பக்கமும் அளந்தான். தலைவனைக் குதிரைப் பக்கம் நகர்த்தினால் 6 போதும், ஆனால் வேல் அணிக்கு அந்த ஒன்று கிடைக்காது. "மாமா, வேல்காரங்க செத்துருவாங்களா?" என்றான். "தெரியலைடா, நீதான் முடிவு பண்ணணும்" என்றேன். நகர்த்தினான். குதிரைக்கு உருட்டினான், 9. குன்றைச் சுற்றி வந்து பூதத்தின் விலாவில் மோதியது. ஆறு பகடையில் 6, 6, 5, 4, 2, 1. மூன்று அடி. வேல் அணி நான்கு பகடையில் 6, 5, 3, 1. இரண்டு அடி. முன்பு ஒன்று, இப்போது ஐந்து, ஆக ஆறு. பூதம் சாய்ந்தது. அதே மோதலில் பூதத்தின் பகடையில் ஒரே ஒரு 5 விழுந்து வேல் அணியும் போனது.

அந்த இடத்தில் அவன் தோட்டத்திலிருந்து எடுத்து வந்த ஒரு கூழாங்கல்லை வைத்தான். அது எங்கள் விதிகளில் எனக்கு மிகவும் பிடித்த விதி. திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பக்கத்தில் நடுகற்கள் ஏராளம். களவு போன மாட்டு மந்தையை மீட்கப் போய் இறந்தவர்களுக்கு நட்டவை அவற்றில் பல. "தொறு மீட்டுப் பட்டான்" என்ற மாதிரி கல்லிலேயே வெட்டியிருப்பார்கள். தொறு என்றால் மந்தை. அதைப் பார்த்துவிட்டு வந்து எழுதிய விதி இது: பின்வாங்காமல் நின்ற இடத்திலேயே அழிந்த அணிக்கு ஒரு நடுகல் வைக்க வேண்டும். அதிலிருந்து 6 அங்குலத்துக்குள் நிற்கும் அதே படையினருக்குத் துணிவுப் பகடையில் ஒன்று கூடும். வேல் அணி போனாலும் அந்த நடுவிடம் கடைசிவரை உடையவில்லை.

பூதம் செய்யலாம்

இரண்டு ஆட்டம் முடிந்து விதி கைக்கு வந்ததும் பொம்மை வேலையைத் தொடங்குங்கள். இந்தப் பொழுதுபோக்கில் பரவலாக இருக்கும் அளவு 28 மி.மீ. உயர வீரன். கையால் செய்பவர்களுக்கு அது மிகவும் சிறியது. முகத்தில் மூக்கு வைப்பதற்குள் தலை நசுங்கிவிடும். நான் வீரனை 40 மி.மீ. உயரத்திலும் பூதத்தை 80 மி.மீ. உயரத்திலும் செய்கிறேன். 4 அங்குல அட்டையில் மூன்று வீரர்கள் தாராளமாக நிற்பார்கள்.

முதல் பொம்மையாகப் பூதத்தையே செய்யுங்கள். வீரன் என்றால் கை கால் அளவாக இருக்க வேண்டும். பூதத்துக்கு ஒரு கை நீண்டுபோனால் அழகுதான்.

பழைய மின்கம்பியின் உறையை உரித்தால் உள்ளே செம்புக் கம்பி கிடைக்கும். இரண்டு கம்பியை முறுக்கித் தலை, முதுகு, இரண்டு கால் வருமாறு வளையுங்கள். கைகளுக்கு இன்னொரு கம்பியைத் தோளில் சுற்றுங்கள். பாதத்தில் கம்பியை அரை அங்குலம் நீட்டிவிட்டால் பின்னால் அட்டையில் குத்தி ஒட்ட வசதியாக இருக்கும். நிற்கும் தோரணையைக் கம்பியிலேயே முடிவு செய்துவிட வேண்டும். கால்களை அகட்டி, முதுகைக் கொஞ்சம் கூன வைத்து, கதாயுதத்தைத் தோளில் சாய்த்தால் எடை தெரியும். மேலே பசை அப்பி இறுகிய பிறகு கம்பியை வளைத்தால் விரிசல் விடும்.

இப்போது எம்-சீல், அதாவது குழாய் ஓட்டையை அடைக்கும் பசை. இரண்டு நிறப் பசையையும் சம அளவு எடுத்து ஒரே நிறமாகும்வரை பிசையுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். பிசைந்த பிறகு கால் மணி முதல் அரை மணி நேரம்தான் கைக்கு அடங்கும். அதனால் நெல்லிக்காய் அளவுக்கு மேல் ஒரே நேரத்தில் பிசைய வேண்டாம். முதல் நாள் உடம்பின் திரட்சியை மட்டும் கம்பியைச் சுற்றி அப்புங்கள், வழுவழுப்பு பார்க்காதீர்கள். இரவு முழுக்க இறுகட்டும். இரண்டாம் நாள் தொப்பை, தோள், தொடை. மூன்றாம் நாள் முகம். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யப் பார்த்தால், மூக்கைப் பிடிக்கும்போது தொப்பை அமுங்கும்.

முகத்துக்குப் பல் குத்தும் குச்சியும் ஒரு ஊசியும் போதும். விரலையும் குச்சியையும் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் பசை ஒட்டாது, மேல்பரப்பும் வழுவழுப்பாக வரும். கண் இருக்கும் இடத்தில் குச்சியின் பின்பக்கத்தால் இரண்டு குழி. குழிக்குள் கடுகளவு உருண்டை. அதன் மேலும் கீழும் நூல் மாதிரி உருட்டிய இமை. அந்த இமை வைத்த நிமிடத்தில்தான் உருண்டை பூதமாகும். எத்தனை தடவை செய்தாலும் அந்த நிமிடத்துக்காக மனசு காத்திருக்கும். கோரைப்பல்லுக்கு அரிசி நொய்யை நட்டுவிடுவேன்.

பேய்க்கூட்டம் இதைவிடச் சுலபம். கம்பிக் குச்சியில் உருண்டைத் தலை, அதன் மேல் ஃபெவிகாலும் தண்ணீரும் கலந்து நனைத்த பழைய காடாத் துணித் துண்டு. காய்ந்தால் விறைத்துவிடும். கையில் ஒரு அகப்பை கொடுத்துவிடுங்கள். பரணி பாடிய புலவர்கள் பேய்களைப் போர்க்களத்தில் கூழ் காய்ச்ச வைத்தார்கள். நம் பேய்களுக்கு அதைவிடப் பொருத்தமான ஆயுதம் கிடையாது. வெளவால் சிறகும் கொம்பும் தேடி வேறெங்கும் போக வேண்டாம், நம்மிடமே யாளியும் வேதாளமும் நிரம்ப இருக்கின்றன.

செய்யவே நேரமில்லை என்பவர்கள் திருவிழாக் கடையில் பிளாஸ்டிக் டைனோசர் பாக்கெட் ஒன்று வாங்குங்கள். இதைச் சொல்லத் தயங்க வேண்டியதே இல்லை. இந்த விளையாட்டின் வரலாறே அங்கிருந்துதான் வருகிறது. பொம்மைச் சிப்பாய்களைத் தரையில் நிறுத்தி ஆட ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913இல் விதிகள் வெளியிட்டார். அதில் பூதமும் மந்திரமும் இல்லை. 1971இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் இடைக்காலப் போர்களுக்கு எழுதிய விதிகளின் கடைசியில்தான் மந்திரவாதி, டிராகன், அரக்கர்களுக்கெல்லாம் ஒரு பிற்சேர்க்கை வந்தது. அந்த உருவங்களைக் கடையில் வாங்க அப்போது வழியில்லை. கைகாக்ஸ் ஒரு பிளாஸ்டிக் டைனோசரை மாற்றித்தான் டிராகன் செய்தார். மலிவான பொம்மைப் பாக்கெட்டுகளில் கிடைத்த, என்ன பிராணி என்றே சொல்ல முடியாத உருவங்களுக்கு அவர்கள் வைத்த பெயர்கள் பின்னால் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் புகழ்பெற்ற அரக்கர்களாகிவிட்டன. டைனோசருக்கு எம்-சீலில் துதிக்கையும் பிடரியும் வைத்தால் யாளி ரெடி. ஒன்று மட்டும்: பிளாஸ்டிக் பொம்மையை முதலில் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவிக் காயவையுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வண்ணம் உரிந்துவிடும்.

வண்ணம் அக்ரிலிக் போதும். முழுக்கக் கரும்பழுப்பு அடித்துக் காயவிடுங்கள். அப்புறம் உடல் நிறம். அது காய்ந்ததும் பழுப்பை டிக்காஷன் பதத்துக்குத் தண்ணீர் விட்டுக் கரைத்து மேலே ஓடவிட்டால், பள்ளங்களில் போய்த் தங்கி நிழல் தானாக வரும். கடைசியில் வெளிர் நிறத்தைத் தூரிகையில் எடுத்து, பழைய துணியில் துடைத்து, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மேடுகளில் மட்டும் லேசாகத் தடவுங்கள். மூக்கும் முழங்காலும் எழுந்து நிற்கும். கண்விழி, பொத்தான் என்று நுணுக்கத்தில் இறங்க வேண்டாம். மேஜையில் மூன்றடி தூரத்திலிருந்துதான் பார்க்கப்போகிறோம்.

போர்க்களம்

4 அடிக்கு 3 அடி இடம் போதும். மேஜை சின்னதென்றால் தரையில் ஆடுங்கள். போர்வைக்கு அடியில் புத்தகங்களை வைத்தால் குன்று. நீலத் துணிப் பட்டை ஓடை. காய்ந்துபோன துளசிச் செடியைத் தூக்கி எறியாதீர்கள், அதன் கிளைகள் இலையுதிர்ந்த மரங்கள் மாதிரியே இருக்கும். களிமண் உருண்டையில் குத்தி நிறுத்திவிடலாம். தேங்காய் நாரைப் பச்சை வண்ணத்தில் தோய்த்துக் காயவைத்தால் புதர். அணி அட்டைகளின் மேல் ஃபெவிகால் தடவி, நன்றாகக் காயவைத்த பழைய டீத்தூளைத் தூவினால் உழுத மண் மாதிரி வரும். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும், அதனால் இரண்டு நாள் வெயில் காட்டுங்கள்.

தெர்மகோலில் குன்று செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரு வாரம் உட்கார்ந்து மூன்றடுக்குப் பாறை ஒன்று செதுக்கினேன். ஸ்ப்ரே பெயின்ட் அடித்த இரண்டாவது நிமிடம் அது குழிகுழியாக உருகிப் போனது. ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் தெர்மகோலைத் தின்றுவிடும். சில பசைகளும் அப்படித்தான். ஃபெவிகாலும் தண்ணீரில் கரையும் வண்ணமும் மட்டும் பயன்படுத்துங்கள்.

விதிக்கு: காட்டிலும் ஓடையிலும் நடை பாதி. குன்றின் மேல் நிற்பவருக்கு மோதலில் ஒரு பகடை கூடுதல். காட்டுக்குள் நிற்பவரை எய்தால் 6 விழுந்தால்தான் அடி. இவ்வளவு போதும். களத்தை அமைப்பது ஒருவர், எந்தப் பக்கம் வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது மற்றவர்.

படைகளுக்கும் இதே வழிதான். எந்த அணிக்கு எவ்வளவு மதிப்பு என்று புள்ளிக் கணக்குப் போட்டு மண்டையை உடைக்க வேண்டாம். ஒருவர் இரண்டு படையையும் பிரிக்கட்டும், மற்றவர் ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும். அதிரசத்தைப் பிட்டுக்கொடுக்கும் அதே நியாயம். பிரிக்கிறவர் அத்தனை கவனமாகப் பிரிப்பார்.

மந்திரம், மூன்றாவது ஆட்டத்திலிருந்து

மந்திரத்தை முதல் நாளே கொண்டுவராதீர்கள். அடிப்படை கைக்கு வந்த பிறகு, ஒரு பக்கத்துக்கு ஒரு மந்திரவாதி. அவர் தலைவனைப் போலத் தனி வட்டத்தில் நிற்பார். முறைக்கு ஒரு மந்திரம். இரண்டு பகடையில் 7 அல்லது மேலே விழுந்தால் பலிக்கும், இது 36இல் 21 வாய்ப்பு. இரண்டிலும் 1 விழுந்தால் மந்திரம் அவர் மேலேயே திரும்பி, அந்த ஆட்டம் முழுக்க அவர் வாயைக் கட்டிவிடும்.

எங்களிடம் மூன்று மந்திரங்கள். மூடுபனி: நம் அணி ஒன்றை எதிரியின் அடுத்த முறையில் எய்ய முடியாது. வேர்க்கட்டு: 18 அங்குலத்துக்குள் உள்ள எதிரணி ஒன்று அடுத்த முறை நகர முடியாது. மூலிகை: நம் அணி ஒன்றிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்துவிடலாம். நெருப்பு மழை, இடி என்று ஆளைக் கொல்லும் மந்திரம் எதையும் நான் வைக்கவில்லை. வைத்துப் பார்த்தோம். ஓரத்தில் நின்ற மந்திரவாதியே ஆறு அணியின் வேலையைச் செய்துவிட்டார், வீரர்கள் சும்மா நின்றார்கள். கஷ்டப்பட்டுச் செய்த பொம்மைகள் களத்தில் இறங்கி மோத வேண்டும். மந்திரம் அதற்கு வழி திறக்கட்டும், இல்லையென்றால் வழி மறிக்கட்டும்.

எதற்காகப் போர்?

நான்கைந்து ஆட்டம் ஆனதும் வெறும் மோதல் அலுக்கும். அப்போது பள்ளியில் படித்த புறத்திணைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆநிரை கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை, மதிலை முற்றுவது உழிஞை, மதிலைக் காப்பது நொச்சி, எதிரெதிர் நின்று பொருவது தும்பை. மனப்பாடம் செய்து எழுதிய அந்தப் பட்டியலைப் போல ஆட்டக்களத்துக்கு ஏற்ற பட்டியலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒவ்வொன்றும் ஒரு தனி ஆட்டம்.

நாங்கள் அதிகம் ஆடுவது வெட்சி. மேஜை நடுவில் ஐந்து மாடுகள். பேய்கள் ஒரு ஓரத்திலிருந்து வந்து, மாட்டைத் தொட்டு, ஓட்டிக்கொண்டு தங்கள் ஓரத்துக்குப் போக வேண்டும். மாடு ஓட்டும் அணிக்கு நடை 4தான், மோதல் பாதி. கோட்டைப் படையில் பாதி மட்டும் தொடக்கத்தில் களத்தில் நிற்கும், மீதி இரண்டாம் சுற்றில் வரும். மூன்று மாடு போய்விட்டால் பேய்கள் வென்றன. யார் எத்தனை பேரை வெட்டினார்கள் என்பது இதில் கணக்கே இல்லை. அதனால் பலவீனமான படையை வைத்துக்கொண்டும் ஜெயிக்கலாம். சிறுவர்களோடு ஆடும்போது இது பெரிய வசதி.

உழிஞைக்கு மதில் செய்ய வேண்டும், ஏணி செய்ய வேண்டும், ஐஸ்கிரீம் குச்சி நிறைய சேர்க்க வேண்டும். நிதானமாகச் செய்யலாம்.

சண்டை வந்தால்

பகடைச் சண்டை இல்லை, வாய்ச் சண்டையைச் சொல்கிறேன். "குன்றின் சரிவில் பாதி நிற்கிறானே, அவனுக்குக் கூடுதல் பகடை உண்டா?" என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். விதியில் இருக்காது. அங்கேயே வாதாடாமல் ஆளுக்கொரு பகடை உருட்டுங்கள். பெரிய எண் விழுந்தவர் சொன்னது அன்றைக்கு மட்டும் விதி. நோட்டில் ஒரு வரி குறித்துவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள். முடிந்த பிறகு இருவரும் உட்கார்ந்து நிரந்தர விதியாக எழுதலாம். ஆனால் ஒரு ஆட்டத்துக்கு ஒரே ஒரு மாற்றம்தான். இரண்டு மூன்றை ஒன்றாக மாற்றினால் எது ஆட்டத்தைக் கெடுத்தது, எது சரிசெய்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

எங்கள் நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு போர்: தேதி, யார் எந்தப் படை, எத்தனை சுற்று, எந்த அணிக்கு நடுகல் வைத்தோம். அடியில் "அடுத்த தடவை" என்று ஒரே ஒரு வரி. போன மாதப் பக்கத்தில் அக்கா மகன் எழுதியிருப்பது: "யாளி ஓடையைத் தாண்டிக் குதிக்கலாமா?" அடுத்த ஆட்டத்துக்கு முன் படைகளைப் பத்திரமாக எடுத்து வைக்க வேண்டும். பழைய ஸ்வீட் பாக்ஸில் துணி விரித்து, அணிகளை ஒன்றோடொன்று உரசாமல் அடுக்கி, மேலே இன்னொரு துணி. பூதத்தின் கதாயுதம் மட்டும் மூடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பெட்டியில் அதற்கு ஒரு ஓட்டை போட்டிருக்கிறோம்.